பெயர் வேண்டாம் என்று சொல்வது யார்?

புகழை நாடாத கலைஞரைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் குரல் தானாகக் கனிந்துவிடுகிறது. 'அவருக்கு மேடையெல்லாம் தேவைப்படவில்லை', 'தனக்காகவே வாசித்தார்', 'ஊர் அறியாமலே போய்ச் சேர்ந்தார்' என்கிறோம். இந்த வாக்கியங்களில் ஒரு பாராட்டு இருக்கிறது. சந்தையில் விலைபோகாத எதன்மீதும் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் இதே வாக்கியங்களை ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லிப் பார்க்கும்போது எனக்கு இடறுகிறது. அவளுக்கு மேடை தேவைப்படவில்லையா, கிடைக்கவில்லையா? தனக்காக வாசித்தாளா, கேட்க ஆளில்லையா? புகழுக்கு வெளியே நிற்பது எப்போது விடுதலை, எப்போது வெளியேற்றம்? இந்தக் கேள்வியை ஒரு சின்னக் கருவியை வைத்து யோசிக்க விரும்புகிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும் மவுத் ஆர்கன், அதிலும் ப்ளூஸ் இசைக்காரர்கள் வாசித்த பத்துத் துளை ஹார்மோனிகா.

ஹோசூர் கடைத்தெருவில் அது பொம்மைகளோடு தொங்கும். திருவிழாவில் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கி, வீடு வந்து சேர்வதற்குள் எச்சிலாக்கிவிடும் சாமான். அதை வாத்தியம் என்று சொன்னால் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆர்மோனியத்துக்குள் இருப்பதைப் போன்ற உலோக ரீடுகள்தான் இதற்குள்ளும் இருக்கின்றன. ஒவ்வொரு துளையிலும் இரண்டு: ஒன்று ஊதினால் அதிரும், மற்றது மூச்சை உள்ளே இழுத்தால் அதிரும். ஜெர்மனியின் டிராசிங்கன் என்ற சிற்றூரில் 1857இல் மத்தியாஸ் ஹோனர் இதைத் தயாரிக்கத் தொடங்கினார். அந்த ஊர் நடனப் பாட்டுகளுக்கும் நாட்டார் மெட்டுகளுக்கும் ஏற்றபடி அமைத்த கருவி இது. ஊதினால் இனிமையான ஒரு கூட்டொலி வரும். பழகாத வாயும் அபசுரம் தட்டாமல் ஏதோ ஒரு மெட்டைக் கொண்டுவந்துவிடலாம்.

அந்த வசதிக்காக ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். முதல் துளையின் சுரத்தைச் சட்ஜமாகக் கொண்டு, கீழ்ப்பகுதியில் ச, ரி, க, ம, ப, த, நி என்று தேடிப் பாருங்கள். மத்தியமமும் தைவதமும் அங்கே இல்லை. அந்தச் சுரங்களுக்கு ரீடே வைக்கவில்லை. மலிவு விலையில் கிடைத்த இந்தக் கருவி அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் பருத்திக்காட்டுக் கூலிகளாக இருந்த கறுப்பின மக்களின் கைக்குப் போனது. அவர்கள் இல்லாத சுரங்களை வரவழைத்தார்கள். இரண்டாம் துளையில் மூச்சை இழுத்தால் பஞ்சமம் வரும். இழுத்துக்கொண்டே நாக்கையும் தொண்டையையும் சற்றே இறக்கினால் சுரம் வளைந்து மத்தியமத்துக்கு இறங்கும். மூன்றாம் துளையின் நிஷாதம் அதேபோல் தைவதத்துக்கு வளையும். செய்தவர் வைக்காத சுரத்தை வாசித்தவர் தன் வாய்க்குள் செய்துகொண்டார்.

அதோடு நிற்கவில்லை. பஞ்சமத்தையே ஆதார சுருதியாக மாற்றிக்கொண்டு வாசித்தார்கள். தமிழிசை படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இளியைக் குரலாகக் கொண்டு பண்ணைப் பெயர்ப்பது என்று நம் பழைய இலக்கணம் சொல்லும் முறைக்கு அது நெருங்கிய உறவு. அப்படி மாற்றியதும் இசையின் மையம் ஊதும் மூச்சிலிருந்து இழுக்கும் மூச்சுக்கு வந்துவிட்டது. விம்முகிறவர்கள் மூச்சை உள்ளேதான் இழுப்பார்கள். ப்ளூஸ் ஹார்மோனிகா அழுகிற மாதிரி கேட்பதற்கு இது ஒரு காரணம்.

இப்படி ஒரு கருவியையே தலைகீழாக்கியவர்களுக்கு எவ்வளவு பெயர் கிடைத்தது? கொஞ்சம். லிட்டில் வால்ட்டர் 1952இல் வெளியிட்ட 'ஜூக்', வாய்ப்பாட்டு இல்லாமல் ஹார்மோனிகாவையே முன்னிறுத்திய இசைத்தட்டு. அது அமெரிக்காவின் ரிதம் அண்ட் ப்ளூஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்தத் துறையில் அது அபூர்வம். பெரும்பாலும் ஹார்மோனிகாக்காரர் பாடகருக்குப் பக்கத்தில் நிற்பவர். பெயர்களும் அங்கே வழுக்கிக்கொண்டே இருந்தன. சான்னி பாய் வில்லியம்சன் என்ற பெயரில் ஜான் லீ வில்லியம்சன் புகழ்பெற்றிருக்கும்போதே, ரைஸ் மில்லர் என்ற இன்னொருவர் அதே பெயரை எடுத்துக்கொண்டு வானொலியில் வாசித்தார். முதலாமவர் 1948இல் கொல்லப்பட்டார். இரண்டாமவர் அந்தப் பெயரோடு ஐரோப்பா வரை போய்வந்தார். இன்று வரலாற்று நூல்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டு இருவரையும் பிரிக்கின்றன. இரண்டாமவரும் அசாத்தியமான கலைஞர்தான். ஆனால் ஒரு பெயருக்கு என்ன மதிப்பு என்பது, இன்னொருவர் அதை எடுத்துப் போட்டுக்கொள்ளும்போது தெரிந்துவிடுகிறது.

இந்தக் கதையில் பெண்கள் எங்கே என்று தேடினால் விசித்திரமான ஒன்று தட்டுப்படுகிறது. ப்ளூஸ் இசைத்தட்டுகளின் தொடக்கமே பெண்கள்தான். 1920இல் மேமி ஸ்மித் பாடிய 'கிரேஸி ப்ளூஸ்' விற்ற பிறகுதான் கறுப்பினக் கலைஞர்களின் ப்ளூஸை நிறுவனங்கள் பெருமளவில் பதிவு செய்யத் தொடங்கின. மா ரெய்னியும் பெஸ்ஸி ஸ்மித்தும் அந்தப் பத்தாண்டின் நட்சத்திரங்கள். ஏஞ்சலா டேவிஸ் 1998இல் வெளியிட்ட நூலில், கறுப்பின உழைக்கும் பெண்களின் பெண்ணியச் சிந்தனையை இவர்களின் பாட்டுகளிலிருந்தே எடுத்துக் காட்டினார். ஆனாலும் ப்ளூஸ் என்றதும் உலகத்தின் மனத்தில் எழும் சித்திரம் என்ன? தொப்பி போட்ட ஆண், கையில் கிதார், கழுத்திலோ சட்டைப்பையிலோ ஹார்மோனிகா, பின்னால் ரயில் பாதை. தனியாக ஊர் சுற்றுவதற்கு உரிமை இருந்தவனே அந்தச் சித்திரத்துக்குள் வர முடியும். பெண்ணுக்குக் குரல், ஆணுக்குக் கருவி என்று யாரோ பங்கு பிரித்துவிட்டார்கள்.

அந்தப் பங்கை ஏற்காத ஒருத்தி இருந்தாள். வில்லி மே தார்ன்டன். உலகம் பிக் மாமா தார்ன்டன் என்று அழைத்தது. 1926இல் அலபாமா மாநிலத்தில் பிறந்து, பதின்ம வயதிலேயே தாயை இழந்து, ஊர் ஊராகப் போகும் கலைக்குழு ஒன்றோடு கிளம்பியவர். பாட்டு, டிரம்ஸ், ஹார்மோனிகா மூன்றையும் யாரிடமும் முறையாகப் படிக்கவில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். 1952இல் அவர் பதிவு செய்த 'ஹவுண்ட் டாக்' மறு ஆண்டு வெளியாகி, அதே பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. தன் வீட்டு வாசலில் ஓசிச்சோற்றுக்கு வந்து நிற்கும் ஆணை ஒருத்தி விரட்டும் பாட்டு அது. 1956இல் எல்விஸ் பிரெஸ்லி பாடியது சொற்கள் மாறிய வடிவம். அதில் அந்தப் பெண் இல்லை, உண்மையிலேயே ஒரு நாய்தான் இருக்கிறது. உலகம் நினைவில் வைத்திருப்பது அதைத்தான். தனக்கு அந்தப் பாட்டுக்காகக் கிடைத்தது 500 டாலர் காசோலை ஒன்று மட்டுமே என்று தார்ன்டன் பிற்காலத்தில் சொன்னார். அவரே எழுதிய 'பால் அண்ட் செயின்' பாட்டை 1967இல் மாண்டரே இசைவிழாவில் பாடி ஜானிஸ் ஜாப்ளின் புகழின் உச்சிக்குப் போனார்.

இவ்வளவும் அவருடைய குரலின் கதை. அவருடைய ஹார்மோனிகாவின் கதை இன்னும் சிறியது. 1960களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவர் அதை வாசித்த பதிவுகள் இருக்கின்றன. ஆண்களின் சட்டையும் கால்சட்டையும் அணிந்து, இரண்டு கைகளுக்குள்ளும் கருவியைப் பொத்திக்கொண்டு ஊதுவார். பாடும்போது இருக்கும் அதே முரட்டுத் தெளிவு அதிலும் இருக்கும். ஆனால் சிறந்த ஹார்மோனிகாக்காரர்களின் பட்டியலை யாராவது சொல்லத் தொடங்கினால் அவர் பெயருக்குப் பல சமயம் முறை வருவதில்லை. 1984இல் இறந்தார். ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடம் 2024இல் அவரைச் சேர்த்துக்கொண்டது. இடையில் நாற்பது ஆண்டு. இவரைப் பார்த்து 'புகழை நாடாத கலைஞர்' என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? நாடினார். உழைத்தார். கூலியும் பெயரும் வேறு வாசலுக்குப் போயின.

நம் வீட்டுக் கதையும் வேறல்ல. பத்துப்பாட்டில் சிறுபாணாற்றுப்படையும் பெரும்பாணாற்றுப்படையும் அந்தப் பெயர்களைப் பெற்றது பாணன் கையிலிருந்த யாழின் அளவால். கருவி ஆணுக்குப் பெயர் கொடுத்தது. அவனோடு வெயிலில் அதே வழி நடந்துவரும் விறலியின் கூந்தலும் நெற்றியும் பாதமும் உறுப்பு உறுப்பாக வருணிக்கப்படும். விறலியாற்றுப்படை என்று புறத்துறையில் ஒன்று உண்டு. ஆனால் பத்துப்பாட்டின் ஐந்து ஆற்றுப்படைகளில் எதுவும் அவள் பெயரால் இல்லை. கருவியைத் தொட்ட பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கானல்வரி சொல்கிறது. கோவலன் யாழ் வாசித்துப் பாடினான்; அவன் மனத்தில் வேறொருத்தி இருப்பதாக மாதவி நினைத்தாள்; பதிலுக்குப் பாட்டையே கொடுத்தாள். அவள் யாழை வாங்கிப் பாடியதும் அவனும் அப்படியே நினைத்தான், எழுந்து போய்விட்டான். ஆண் வாசித்தால் அது இசை, பெண் வாசித்தால் வாக்குமூலம். இளங்கோ அந்தக் கடற்கரையில் காட்டிய நியாயம் இன்னும் காலாவதியாகவில்லை.

ஹார்மோனிகா நம் பக்கத்து மண்ணுக்கும் வந்திருக்கிறது. ஹோசூரிலிருந்து பெங்களூரைத் தாண்டி மைசூர்ச் சாலையில் போனால் ராமநகரம் வரும். கிருஷ்ணகிரியைச் சுற்றி நாம் தினமும் பார்ப்பது மாதிரியே மொட்டைப் பாறைக் குன்றுகள். அங்கேதான் 'ஷோலே' படம்பிடிக்கப்பட்டது. 1975இல் வெளிவந்த அந்தப் படத்தில் மாலை நேரத்தில் ஜெய் திண்ணையில் உட்கார்ந்து மவுத் ஆர்கன் வாசிப்பான். எதிர்மாடியில் வெள்ளைப் புடவை கட்டிய ராதா ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு போவாள். சொல் கிடையாது. அந்த இசையைத் தெரியாத இந்தியர் குறைவு. அதை வாசித்தவர் பானு குப்தா, ஆர்.டி.பர்மனின் குழுவில் கிதார் வாசித்தவர். அந்தப் பெயரைத் தெரிந்தவர்களும் குறைவு.

அந்தக் காட்சியில் பெயரின்மை படி படியாக இறங்குவதைக் கவனியுங்கள். திரையில் வாசிப்பதாக நடித்தவரை உலகம் அறியும். உண்மையில் வாசித்தவரை இசை ஆர்வலர்கள் அறிவார்கள். கடைசிப் படியில் ராதா நிற்கிறாள். அவள் விதவை. அவளுடைய ஏக்கத்துக்காகவே அந்த இசை அமைக்கப்பட்டது. ஆனால் அந்தக் கருவியை அவள் கையில் எடுப்பதை யாரும் கற்பனைகூடச் செய்யவில்லை. விளக்கை அணைப்பது மட்டுமே அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

எடுத்தவள் ஒருத்தியை எனக்குத் தெரியும். என் மாணவி. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். வீட்டில் தெலுங்கு, வகுப்பில் தமிழ், பஸ்ஸில் கன்னடம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இரண்டு ஆண்டு சிப்காட் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை செய்து, சேர்த்த பணத்தோடு பட்டப்படிப்புக்கு வந்தவள். தொழிற்சாலை விடுதியில் இருந்தபோது ஓவர்டைம் காசில் பத்துத் துளை மவுத் ஆர்கன் ஒன்று வாங்கி, போனில் வீடியோ பார்த்துப் பழகியிருக்கிறாள். ஒரு நாள் வகுப்பு முடிந்த வெற்று அறையில் வாசித்துக் காட்டினாள். மூன்றாம் துளையை அவள் வளைத்து இறக்கிய விதத்தில் என் கைமுடி சிலிர்த்துவிட்டது.

கல்லூரி விழாவில் வாசிக்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். உடனிருந்த ஆசிரியர் ஒருவர் நெகிழ்ந்துபோய், "பாருங்க, புகழுக்கு ஆசைப்படாத பிள்ளை. இதுதான் உண்மையான கலை" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் போன பிறகு சொன்னாள்:

"ஆசை இல்லாமலா மேம்? யாராச்சும் வீடியோ எடுத்துப் போட்டா அண்ணன் போனுக்கு வந்துடும். படிப்பை நிறுத்திருவாங்க. ஆஸ்டல்லயே வாசிச்சா, 'யாரை நெனச்சு வாசிக்கிற'ன்னுதான் கேப்பாங்க. நல்லா வாசிக்கிறேனான்னு ஒருத்தரும் கேட்டதில்ல."

கானல்வரி ஆஸ்டல் வராந்தாவரை வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவளைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க மேம். பேரைப் போடாதீங்க. ஆனா 'யாரோ ஒரு பொண்ணு'ன்னும் போடாதீங்க."

"அப்புறம் எப்படிம்மா போடுறது?"

கொஞ்சம் யோசித்தாள். "மூணாம் ஓட்டையை வளைக்கிறவன்னு போடுங்க."

நான் பல ஆண்டுகளாகத் தேடிய வேறுபாடு அந்தப் பதிலில் இருந்தது. புகழ் ஒன்று, பெயர் வேறு. புகழ் என்பது தெரியாதவர்களும் நம்மைத் தெரிந்துவைத்திருப்பது. பெயர் என்பது இதைச் செய்தது இன்னார் என்ற கணக்கு. முதலாவதை வேண்டாம் என்று தள்ளலாம்; அதில் ஒரு கம்பீரமும் இருக்கலாம். இரண்டாவது ஒரு பாக்கி. கடன் பட்டவர்கள் பாக்கியைக் கொடுக்காமல் இருந்துவிட்டு, 'அவருக்குப் பணத்தாசையே கிடையாது' என்று பாராட்டுவது அறமாகுமா? மறுப்பு என்பது, கையில் கொடுக்கப்பட்டதைத் திருப்பித் தருவது. கொடுக்கப்படாததை ஒருத்தி மறுக்க முடியாது. என் மாணவி மேடையை மறுத்தாள். ஆனால் அந்த மறுப்பின் பின்னால் அண்ணனுடைய போன் இருந்தது. அதைத் துறவு என்று புகழ்வது, அண்ணனின் வேலையை நாம் செய்துகொடுப்பது.

இதற்கு ஒரு நல்ல எதிர்வாதம் உண்டு. தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் ஆசிரியர் பெயர் உண்டா? எல்லாருக்கும் சொந்தமானதால்தானே அவை உயிரோடு இருக்கின்றன? பெயர் ஒட்டுவது தனியுடைமைப் புத்தி அல்லவா? இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். தலைமுறைகள் சேர்ந்து செய்த மெட்டுக்கு ஒருவர் உரிமை கோர முடியாதுதான். ஆனால் நாட்டார் பாடல் தொகுப்புகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். தொகுத்தவரின் பெயர் அட்டையில் பெரிதாக இருக்கும். பாடிய கிழவியின் பெயர் பல நூல்களில் உள்ளேயும் இருக்காது. எல்லாருக்கும் பொது என்றால் அட்டையும் பொதுவாக இருக்க வேண்டாமா? ஒரு விழாவில் என் கவிதையின் நாலு வரியை ஒருவர் முழங்கிவிட்டு, 'ஒரு பெண் கவிஞர் சொன்னதுபோல' என்று முடித்தார். அதற்கு முன்பு மேற்கோள் காட்டிய ஆண் கவிஞர்கள் மூவரையும் பெயர் சொல்லியே அழைத்தார். பெயரின்மை எல்லார் மீதும் ஒன்றுபோலப் பெய்யும் மழையாக இருந்தால் எனக்குப் புகாரே இல்லை. அது ஆள் பார்த்துப் பெய்கிறது.

நம் மாவட்டத்தின் நடுகற்களிலும் இதைப் பார்க்கலாம். வேடியப்பன் என்று மக்கள் கும்பிடும் கற்கள் பலவற்றில், எந்த மன்னனின் எந்த ஆண்டில் எந்த ஊர்ப் பூசலில் இன்னான் மகன் இன்னான் பட்டான் என்று வெட்டியிருக்கும். மாடு மீட்கப் போய் இறந்த சாதாரண ஆள்தான். புகழ்பெற்ற வேந்தன் அல்ல. அவனுக்கும் பெயர் கிடைத்தது. சதிக்கற்களில் பெரும்பாலும் இருப்பது வளையல் போட்டு உயர்த்திய ஒரு கை. கை யாருடையது என்று எழுதுவது அவசியம் என்று பலருக்குத் தோன்றவில்லை.

ஆனால் இதே தமிழ் மரபு வேறொன்றும் செய்திருக்கிறது. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களுக்குச் சில பாடல்களைப் பாடியவர் பெயர் தெரியவில்லை. தெரியவில்லை என்று விட்டுவிடாமல் அந்தப் பாடலிலிருந்தே ஒரு சொல்லை எடுத்துப் பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயனீரார் அப்படி வந்தவர். காக்கையைப் பாடியதால் நச்செள்ளையார் காக்கைபாடினியார் ஆனார். ஊரும் குலமும் தந்தையும் கணவனும் தேவைப்படாமல், செய்த வேலையே பெயராவதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியாது. சங்க இலக்கியத்தில் பட்டம் வாங்கிய நான் சொல்லிக்கொடுக்காமலே, இந்த மரபைத் தொழிற்சாலை விடுதியிலிருந்து வந்த பெண் கண்டுபிடித்துக் கேட்டாள்.

ஆகவே தோழிகளே, புகழுக்கு வெளியே இருக்கும் கலையைக் காதலிப்போம், அதில் தவறில்லை. ஹார்மோனிகாவின் அழகே அது பெரிய அரங்குக்காகச் செய்யப்படவில்லை என்பதில் இருக்கிறது. அதைக் கேட்கும்போது ஒரு கேள்வியையும் பழக்கமாக்கிக்கொள்வோம்: வாசித்தது யார்? பெயர் தெரிந்தால் சொல்வோம். தெரியாவிட்டால் தேடுவோம். தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று அவளே சொன்னால் அதைக் காப்போம். ஏன் அப்படிச் சொல்ல நேர்ந்தது என்பதையும் சேர்த்து எழுதுவோம். பெயரை மறைத்தாலும், செய்ததை மறைக்காமல் இருக்க முடியும்.

இந்தத் தொகுப்பை யாராவது பின்னாளில் புரட்டினால், ஹோசூரில் ப்ளூஸ் வாசித்தவர்கள் வரிசையில் ஒருவரையாவது குறித்துக்கொள்ளட்டும்: மூன்றாம் துளையார்.